காயாத நீலம்

சாரத்தில் நின்றே காலம் தள்ளிய பெயிண்டர் அவர். குளியலறையில் கைப்பிடி வைக்கலாம் என்று மகள் சொன்னபோதெல்லாம், "அந்தரத்துல நின்னவன்டி நான், எனக்கா?" என்பார். மனைவியும் அப்படித்தான் வீம்பு பேசினாள். போன வருடம் அங்கேயே வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தாள்.

ஒருநாள் தன் காலும் வழுக்கவே, தானே கைப்பிடியைப் பொருத்தி, தொங்கிப் பார்த்து, நீலப் பெயிண்ட் அடித்துக் கதவைப் பூட்டினார்.

காலையில் திறந்தபோது, பெயிண்டில் ஒரு சின்னக் கை இறுகப் பற்றிய தடம். சுண்டுவிரல் கோணல்.

"யாருப்பா தொட்டது?" என்றாள் மகள்.

"காயறதுக்குள்ள தொட்டுப் பாக்குறது உங்கம்மாதானே! அவளோட கோணச் சுண்டுவிரல் தெரியலையா? முழு பாரத்தையும் போட்டிருக்கா. அசையலை பாரு, நம்ம வேலை!"

இப்போது தினமும் அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் குளிக்கிறார். நெஞ்சை நிமிர்த்தி வெளியே வருகிறார், உள்ளங்கை நீலமாக.