பலகைக்கு அந்தப் பக்கம்

பெரிய வகுப்பின் நீள மர வாங்கில் உட்கார்ந்தால் ரெங்கம்மாவுக்குக் கால் தரையில் பட்டது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

நேற்றுவரை சின்ன வகுப்பின் குட்டி வாங்கில், முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

மடுல்சீமை மலையில் அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மாஸ்டர், நடுவில் ஒரு கரும்பலகை. பலகைக்கு இந்தப் பக்கம் பெரிய வகுப்பு, அந்தப் பக்கம் சின்ன வகுப்பு.

அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அவள்தான் அக்கா. சின்னதுகளுக்கு மூக்கைச் சிந்திவிடுவாள், சிலேட்டைத் துடைத்துக் கொடுப்பாள். பாடத்தை அவள் முதலில் சொன்னால்தான் மற்றதுகள் பின்னால் சொல்லும். நாலு வருஷமாக அதே பாடம், கேட்டுக் கேட்டே மனப்பாடம். எழுத்து மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று மாதிரி இருந்து தொலைக்கும்.

இந்தப் பக்கம் வந்து அரை நாள்கூட ஆகவில்லை, அதற்குள் மக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். மகா கெட்டிக்காரர்கள்.

எல்லாம் அம்மா செய்த வேலை. வளர்ந்த பிள்ளையைப் பொடிசுகளோடு வைத்திருந்தால் லயத்து வீட்டுக்காரர்கள் முன்னால் தலைகாட்ட முடியவில்லை என்று மாஸ்டரிடம் கெஞ்சியே காரியத்தைச் சாதித்துவிட்டாள்.

மாஸ்டர் சும்மா இறங்கி வரவில்லை.

"இன்னைக்கு ஒரு வரி வாசிச்சா இங்கன இரு. இல்லாட்டி பழையபடி அங்கிட்டுத்தான்."

வாயைத் திறக்காமல் நின்றால் போதும், போய்விடலாம். காலையிலிருந்து அவளுக்கு இதே நினைப்பு. பாவாடை நுனியை முறுக்கினாள், அவிழ்த்தாள், மறுபடி முறுக்கினாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது. இந்த மனுஷன் எப்போதுதான் கூப்பிடுவார்?

கூப்பிட்டார்.

பலகையில் தேயிலையைப் பற்றி என்னவோ எழுதியிருந்தது. எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. பின்னால் யாரோ சிரித்தார்கள். ரெங்கம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தாள்.

அம்மா. காலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு அப்படியே ஓடிவந்திருக்கிறாள். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, முதுகில் வெறுங்கூடை, முகமெல்லாம் ஆசை.

அந்த முகத்துக்கு முன்னால் ஊமையாக நிற்க ரெங்கம்மாவால் முடியவில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பலகையில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியப் போகிறது?

கண்ணைப் பலகையில் வைத்துக்கொண்டு, உரக்க, தடங்கலே இல்லாமல் தொடங்கினாள்.

ஆடு வந்தது. இலை தின்றது. ஈ பறந்தது.

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னதுகள் பழக்கதோஷத்தில் கூடவே சொல்லத் தொடங்கின. பெரிய வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கட்டும். அம்மாவுக்குச் சந்தோஷமாக இருந்தால் சரி. ஓரக்கண்ணால் வாசலைப் பார்த்தாள்.

அம்மாவின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. மகளைவிட ஒரு சொல் முன்னால்.

நாலு வருஷமாக லயத்து ஒற்றை அறைக் காம்பராவில், அடுப்பு ஊதிக்கொண்டே மகள் சொல்லக் கேட்ட பாடமல்லவா அது.

ரெங்கம்மாவின் குரல் நின்றுபோயிற்று. அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"புள்ள அங்கிட்டே இருக்கட்டுங்க, மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, கூடையைச் சரிசெய்துகொண்டு மலைக்குத் திரும்பினாள்.

நினைத்தது நடந்துவிட்டது. ரெங்கம்மா பலகையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். சின்னதுகள் நகர்ந்து இடம் விட்டன. அக்கா பாடத்தைத் தொடங்கட்டும் என்று எல்லாம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

கால் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த முதல் சொல் மட்டும் அவளுக்கு வரவில்லை.