கவனக்குறைவு

நேர்காணலுக்காக மகள் மூன்று நாளாக அம்மாவைக் கேள்வி கேட்டுப் பழக்கியிருந்தாள்.

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்றார் தொழிற்சாலை மேலாளர்.

"வெளியூர்ல இருக்கார் சார்."

"போன மாசம் ஒருத்தர் நீங்க ஓட்டப்போற மெஷின்ல மாட்டிச் செத்துட்டார். பயமா இல்லையா?"

அம்மாவுக்கு மகள் சொல்லிக்கொடுத்த பதில்தான் கைகொடுத்தது.

"மெஷின் என்ன சார் பண்ணும்? அந்த ஆளோட கவனக்குறைவாத்தான் இருக்கும்."

மேலாளர் முகம் மலர்ந்தது. "போலீஸ்ல நாங்களும் இதைத்தான் சொன்னோம். நாளைக்கே வந்துடுங்க. அவரோட லாக்கரையே வச்சுக்குங்க."

சாவியை வாங்கித் திறந்தாள். உள்ளே நீலச் சட்டை தொங்கியது. நீல நூல் இல்லாமல் அவள் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்த பொத்தான் அப்படியே இருந்தது.

சாவு வீட்டுக்கு மேலாளர் ஒரு நடை வந்திருந்தால், அவளுக்கு இந்த வேலை கிடைத்திருக்காது.