சிவப்புக் கோடு போட்ட அறை

ராட்டினப் பூங்காவுக்குப் போவது முடிவாகிவிட்டது. எங்கே தங்குவது என்பதில்தான் இழுபறி. நீச்சல்குளம் வேண்டும் என்றாள் மகள். "வாசலுக்குப் பக்கத்துல இருந்தா போதும், என் முட்டி தாங்காது" என்றான் கணவன். அம்மா போனில் ஓர் அறையைக் காட்டினாள். அதன் சுவரில் பிள்ளைகளின் உயரம் பார்க்கும் பலகை இருந்தது.

"இது தம்பி பாத்து வெச்ச ரூம்தானேம்மா?" என்றாள் மகள். அந்த அறையையே பதிவு செய்தார்கள்.

பலகையிலுள்ள சிவப்புக் கோட்டைத் தலை தொட்டால்தான் பெரிய ராட்டினத்தில் ஏற்றுவார்கள். அதற்காகச் சின்னவன் போன வருடம் ஷூவுக்குள் காகிதத்தைத் திணித்துக்கொண்டு வீடெல்லாம் நடந்து பழகினான். "நொண்டிக் கொக்கு!" என்று அக்கா கேலி செய்தாள். புறப்படும் முன்பே காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

அந்த ஷூவை, திணித்த காகிதம் கலையாமல், பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டி அந்த அறைக்கு எடுத்துவந்திருந்தாள் அம்மா. யாரிடமும் சொல்லவில்லை.

விடிந்ததும் கணவன் அவளைத் தட்டி எழுப்பினான். "இதை ஏன் எடுத்துட்டு வந்தே?" அவன் சுவரோரம் கை காட்டினான்.

ஷூ இரண்டும் பலகையின் அடியில், குதிகால் பக்கம் சுவரை ஒட்டி நின்றன. பெட்டி பூட்டியபடியே இருந்தது. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில்தான் கிடந்தது.

குனிந்து ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். காகிதம் இல்லை. கசங்கிய உருண்டைகள் குப்பைக்கூடையில் கிடந்தன.

"புள்ள வளந்துட்டான் பாருங்க" என்றாள், சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே பார்த்தபடி.