பின்பக்கச் சத்தம்

"சத்தம் இருக்குங்கிறேன், இல்லைங்கிறீங்களே! நான் என்ன பொய்யா சொல்றேன்?"

ஒர்க்‌ஷாப்பின் நடுவில் நின்று பெரியவர் போட்ட சத்தத்தில், ஜாக்கியில் ஏறி நின்ற வண்டிகூட ஒரு கணம் மிரண்டது. ஒலிக் கட்டுப்பாட்டுத் துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ ஆலைச் சங்குகளின் வாயை அடைத்தவர். அவர் பதவியில் இருந்த காலத்தில் அந்த அலுவலக மின்விசிறிகூட அனுமதி கேட்டுத்தான் சுற்றும் என்பார்கள்.

"அப்பா, மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் மகள்.

"பாக்கட்டும். பின்பக்கம், இடது சக்கரம். மேடு பள்ளத்துல ஏறி இறங்கினா லொடலொட, லொடலொட. ஒரு சத்தத்தை இதுக்கு மேல எப்படி விளக்கறது?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். வாசல் பலகையில் தன் பெயரைவிடப் பெரிதாக 'பிரேக் நிபுணர்' என்று எழுதி வைத்திருப்பவர். அந்த எழுத்துக்களையே கேலி செய்வதுபோல இந்த வண்டி மறுபடி மறுபடி வந்து நிற்கிறது.

"ஐயா, ஒவ்வொரு தடவையும் உங்ககூட வந்து காது குடுத்துக் கேட்டாச்சு. ஒண்ணும் இல்ல. ஆனாலும் நீங்க சொன்னீங்கன்னு புஷ் மாத்தினேன், ஷாக் அப்சர்பர் மாத்தினேன். இனிமே இந்த வண்டியில மாத்தாத பார்ட்டுன்னா அது நீங்கதான்."

மகள் சிரிக்கவில்லை. அப்பாவைச் சுவரோரம் அழைத்துப் போனாள்.

"பேசினது ஞாபகம் இருக்கில்ல? இன்னிக்கும் ஒண்ணும் இல்லைன்னா வண்டியை வித்துடணும். வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும். இல்லாத சத்தமெல்லாம் கேக்க ஆரம்பிச்சவரைத் தனியா விட்டுட்டு என்னால தூங்க முடியாதுப்பா."

"இல்லாத சத்தமா? இந்தக் காது எப்பேர்ப்பட்ட காதுன்னு தெரியுமா?"

"தெரியும்ப்பா. துறையே கும்பிட்ட காது."

கேலியாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அதில் இருந்த பரிவுதான் அவரைச் சுருக்கென்று குத்தியது. பேரப்பிள்ளைகளின் அறையில் ஓரமாக ஒரு கட்டில், தலைமாட்டில் மாத்திரை டப்பா, 'தாத்தாகிட்ட எதுவும் எதிர்த்துப் பேசாதீங்க, பாவம்' என்று கதவுக்கு வெளியே ஒரு கிசுகிசுப்பு. அவருக்குக் கிலியே அதை நினைத்துத்தான். சத்தம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கோளாறு வண்டியில் இல்லை என்று ஆகிவிடும்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். அவர் ஓட்டும்போது முன்சீட்டில் யாரும் உட்காரக் கூடாது, கவனம் சிதறும். அது அந்த வண்டியின் சட்டம். மகளும் மெக்கானிக்கும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். மகள், தன் வீட்டில் அவருக்கு ஒழித்துக் கொடுக்கப்போகும் இடத்தில் காற்று எப்படி வரும், வெயில் எப்படி வராது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மெக்கானிக், வழக்கம்போல, வேறு எவனாலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு கோளாறைத் தான் மோப்பம் பிடித்தே கண்டுபிடித்த வீர வரலாற்றை அவிழ்த்துவிட்டார். பள்ளங்கள் வந்தன, போயின. பெரியவர் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

இறங்கும்போது இணை இயக்குநரின் முகம் தொங்கிப் போயிருந்தது. "காலையில தனியா வரும்போதுகூடக் கேட்டுதே..." என்று முனகினார்.

"விடுங்கப்பா," என்று மகள் சாவிக்காகக் கையை நீட்டினாள்.

அப்பா, மகள் விவகாரத்துக்கு நடுவில் நிற்பது மெக்கானிக்குக் கூச்சமாக இருந்தது. "குடுங்க, நான் மட்டும் ஒரே ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன்," என்று சாவியைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு தப்பித்தார்.

திரும்பி வந்தபோது வண்டி நிற்பதற்குள் குதித்தார்.

"இருக்குங்கய்யா! லொடலொடங்குது! பிரேக்கை லேசா மிதிச்சா நிக்குது, காலை எடுத்தா வருது. உள்ள பிரேக் பேட்தான் ஆடுது!"

பெரியவர் நிமிர்ந்தார். பதவியே திரும்பி வந்ததுபோலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மகளைப் பார்த்தார். "என்னம்மா, வண்டியை வித்துடலாமா?"

"தப்புதாம்ப்பா," என்றாள் அவள். நிம்மதியில் சிரித்தேவிட்டாள்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். "பேடைப் பிடிச்சிருக்கிற கிளிப் போச்சு. ஆனா..." என்று இழுத்தார். "இது இப்பப் போனதில்லைங்கய்யா. பேட் ஆடி ஆடி இரும்புலயே பள்ளம் விழுந்திருக்கு பாருங்க. வருஷக்கணக்கா இந்தச் சத்தம் வந்துக்கிட்டுதான் இருந்திருக்கு."

"நான்சென்ஸ்! வாங்கின நாள்லேருந்து நான்தான் ஓட்டறேன். எனக்குக் கேக்காம ஒரு சத்தம் வருமா? இப்பக் கொஞ்ச நாளாத்தான் கேக்குது."

"கொஞ்ச நாள்ல இப்படிப் பள்ளம் விழாதுங்க." மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "இப்ப நாங்க பேசிட்டு வந்ததுல அமுங்கிப் போச்சே, அந்த மாதிரி இருக்கும். முன்னெல்லாம் பின்சீட்டுல யாராவது ஓயாமப் பேசிக்கிட்டே வருவாங்களா?"

மகள் சட்டென்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியவர் கழற்றிப் போட்ட டயரின்மேல் அப்படியே உட்கார்ந்தார். அன்றைக்கு முதல்முறையாக அவர் குரல் தணிந்து வந்தது.

"இவ அம்மா வருவா. 'வாயை மூடிக்கிட்டு வாடி'ன்னு அதட்டாம நான் ஒரு நாள்கூட இந்த வண்டியை ஓட்டினதில்லப்பா. போன மாசம் மூடினா... அப்புறம் திறக்கவே இல்ல."