மேலே கேளாதே

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த சாமித்தம்பியின் வலது கைப் பெருவிரல் அசைந்ததை முதலில் கண்டவர் அவருடைய கூட்டாளி ஜெயரட்ணம்தான்.

மோதிர விரலின் மேல் இரண்டு தரம் உரசிவிட்டு அது நின்றது.

டொக்ரர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கட்டிலின் மறுபக்கம் நின்று, சாமித்தம்பியின் மனைவி நாகமணிக்கு விளங்கும்படி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இது இரண்டாவது ஸ்ரோக். மூச்சு தானாகப் போதாது. தொண்டையில் துளை போட்டு மெஷினைப் பூட்டினால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம், ஆனால் எழும்பி வருவார் என்று சொல்ல ஏலாது. பூட்டாவிட்டால் இன்றோ நாளையோ. மனைவிதான் மத்தியானத்துக்குள் முடிவு சொல்லவேண்டும்.

சாமித்தம்பியிடமே கேட்டும் பார்த்தாயிற்று. ஓம் என்றால் கண்ணை மூடுங்கள் என்று இங்கிலிசிலும் தமிழிலும் சொன்னார்கள். கண் சொல்வழி கேட்கவில்லை. விரல் அசைவது வெறும் நரம்பு இழுப்பு என்று டொக்ரர் முடித்துவிட்டார்.

ஜெயரட்ணம் அதை நம்பவில்லை. அந்த விரலோடு இருபத்திரண்டு வருசம் குடித்தனம் நடத்தியவர் அவர்.

எல்லாம் புலம்பெயர்ந்து வந்த வோபர்னில், சாமித்தம்பி வீட்டு பேஸ்மென்ரில். சனிக்கிழமை பின்னேரம் என்றால் கடதாசி விளையாட்டு, முந்நூற்று நாலு. ஆம்பிளைகள் இரண்டு பேரும் ஒரு பக்கம். நாகமணியும் ஜெயரட்ணத்தின் மனைவி ஜெயமலரும் மற்றப் பக்கம். தோற்ற பக்கம் காதில் உடுப்புக் கிளிப்பைக் கொழுவிக்கொண்டு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றவேண்டும்.

அந்த மேசையில் வாய்கள் ஓய்ந்ததில்லை. ஒன்பதை ஒருவரும் ஒன்பது என்று சொல்லமாட்டார்கள், அது மணல். துரும்பைக் கவிழ்த்து வைத்தால், கோழி அடைக்குக் குந்திவிட்டது. எட்டுப் பிடியையும் ஒரே பக்கம் அள்ளினால் கம்மாறிஸ், அன்றைக்கு சாமித்தம்பியின் சத்தம் தெருவுக்குக் கேட்கும். ஏழும் எட்டுமாய் ஒன்றுக்கும் உதவாத தாள்கள் கைக்கு வந்தால் அதற்கு அவர் வைத்த பெயர் கஞ்சித்தண்ணி.

வாய் பேசியதெல்லாம் பகிடிக்கு. வென்றது கையால்.

காதைத் தொட்டால் கையில் ஆட்டின் தாள்கள். மூக்கைத் தொட்டால் ஸ்கோப்பன். கைமணிக்கூட்டு வாரைத் தடவினால், கேள்வியை, அதாவது எத்தனை புள்ளி எடுப்போம் என்ற ஏலத்தை, ஏற்றவோ என்று அர்த்தம். பெருவிரலால் மோதிர விரலில் இரண்டு உரசு உரசினால், என் கையில் கஞ்சித்தண்ணி, மேலே கேளாதே.

பச்சைக் கள்ளம். பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் வேலை செய்த காலத்தில், சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் கூடியிருந்து உண்டாக்கிய கள்ளம். பெண்சாதிமாருக்குக் கூடத் தெரியாது என்பதில் அவர்களுக்குப் புழுகமும் பெருமையும். நாகமணியைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கேள்வி நேரம் வந்தால் போதும், மனிசி அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரித் தாள்களுக்குள் தலையைக் குனிந்துவிடும். பிறகு தோற்கும். பிறகு கிளிப்போடு தேத்தண்ணி கொண்டுவரும்.

ஜெயரட்ணம் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்தார். சாமித்தம்பியின் கண்ணுக்கு நேரே நின்று, மணிக்கூட்டு வாரைத் தடவினார்.

பெருவிரல் இரண்டு தரம் உரசியது.

கொஞ்சம் பொறுத்து, திரும்பவும் தடவினார்.

திரும்பவும் இரண்டு.

நரம்பு இல்லை. மனுசன் உள்ளே முழிப்பாக இருக்கிறான், தெளிவாகச் சொல்கிறான்.

"அண்ணை, அவர் கையால என்னவோ சொல்றார் போல கிடக்கு. உங்களுக்கு விளங்குதா?" நாகமணி கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். கள்ளம் வெளியே வந்துவிடுமே என்ற வெட்கம்தான் முதலில் வந்தது. அந்த நேரத்திலும் அந்தச் சின்னப் புத்தி. அதற்குப் பின்னால் வந்தது பயம். வாயைத் திறந்தால் சாமித்தம்பி செத்துப்போவான். சாமித்தம்பி இல்லாத ஒரு சனிக்கிழமையை அவரால் நினைக்க ஏலவில்லை.

"ஒண்டுமில்லைத் தங்கச்சி. டொக்ரர் சொன்னதுதான், நரம்பு இழுக்குது. மெஷினைப் பூட்டச் சொல்லுவம்."

நாகமணி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

பிறகு டொக்ரர் பக்கம் திரும்பி, மெஷின் வேண்டாம் என்று தனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னாள். நிச்சயமாகவா என்று டொக்ரர் கேட்டார். அதற்கும் ஓம் என்றாள்.

ஜெயரட்ணம் பதறிப்போனார். என்ன செய்கிறாய் என்று கேட்க வாயெடுத்தார். அவள் புருசனின் கையைத் தூக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"கஞ்சித்தண்ணியாம் அண்ணை. மேல கேக்க வேணாமாம்."

ஜெயரட்ணம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருசச் சனிக்கிழமைகளும், தோற்றவுடன் ஒருவரும் சொல்லாமலே கிளிப்பை எடுத்துத் தன் காதில் கொழுவிக்கொண்ட நாகமணியும், அதைப் பார்த்து வாய் நிறையச் சிரித்த சாமித்தம்பியும் கண்முன்னே வந்தார்கள்.

அவளுடைய உள்ளங்கைக்குள் விரல் இன்னொரு தரம் உரசியது.

இன்றைக்கு அவள் அதைக் காணாத மாதிரித் தலையைக் குனியவில்லை.