தண்ணீர் குடிக்கப் போன படகுக்காரர்கள்

ஏழாவது ஆளும் படகைப் பாதி தண்ணீருக்குள் தள்ளிவிட்டு, அதை அப்படியே போட்டுவிட்டு, வீட்டைப் பார்த்து நடையைக் கட்டினார்.

ஜெயசித்ரா நேரம் குறித்துக்கொண்டாள். ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம்.

பனித்திட்டுக் கரையில் ஏழு படகுகள் ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. கடலுக்குள்ளே மீன்களெல்லாம் குளித்து, தலை துவட்டி, இன்னும் ஆளைக் காணோமே என்று வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்திருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் மீனவர் சங்கத்துக்குப் புதுச் செயலி வந்தது. படகுக்காரர் கிளம்புமுன் தன் போனில் பெயர், ஆள் எண்ணிக்கை, போகும் இடம் மூன்றையும் பதியவேண்டும். ஒரு படகு திரும்பவில்லையென்றால் எங்கே போய்த் தேடுவது என்று தெரியவேண்டும் அல்லவா! அதைச் செய்து கொடுத்தது ஒரு கம்பெனி. கம்பெனி என்பது பெயர்தான். ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தவள் ஜெயசித்ரா.

அன்றிலிருந்து எல்லாப் படகும் நாற்பது நிமிடம் தாமதம்.

பதிவதற்கு ஆவது ஒன்றரை நிமிடம். மீதி முப்பத்தெட்டரை நிமிடம் எங்கே போய் ஒளிகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அதைப் பிடிக்கத்தான் இருட்டோடு வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள்தாம்மா பாப்பேன்," என்று சங்கத் தலைவர் சம்மந்தம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சரியாவலன்னா உங்க ஆப்ப தூக்கிக் கடல்ல கடாசிடுவோம்."

ஆப் கடலுக்குப் போனால் அவள் வேலையும் அதன் பின்னாலேயே குதிக்கும். மேனேஜர் அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இவங்கள்லாம் வூட்டுக்கு எதுக்குங்க ஐயா போறாங்க?"

"ம்? தண்ணி குடிக்க."

சம்மந்தம் தன் போனை எடுத்து ஓர் அழுத்து அழுத்தினார். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக ஜெயசித்ரா தன் சொந்தக் குரலையே பதிந்து வைத்திருந்தாள். அது தேன் வழிய வழியக் கேட்டது: எங்கே போறீங்க?

"கடலுக்குக் கெளம்புறவன எவளாவது எங்க போறேன்னு கேப்பாளா? வெளங்குமா? அப்புறம் திரும்பிப் போயி, வூட்ல குந்தி, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தான் வரணும். நீ தெனம் நாப்பத்திரண்டு பேரக் கேக்கற!"

ஜெயசித்ராவுக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. காணாமல்போன முப்பத்தெட்டரை நிமிடமும் சொம்புக்குள் அல்லவா கிடந்திருக்கிறது!

ஐஸ் பெட்டிமேல் மடிக்கணினியை வைத்து, நின்றபடியே தன் குரலைப் பிடுங்கி எறிந்தாள். கேள்வியையும் எடுத்தாள். இனி வெறும் கடல் வரைபடம்; போகிற இடத்தில் விரலை வைத்தால் போதும். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சகுனம் பாவம், எங்கே போய் உட்காரும்?

எட்டாவதாக வந்தவர் அரசு.

போன் மூச்சுவிடவில்லை. நீலமாக வரைபடம் விரிந்தது. அரசு விரலைத் தூக்கினார். வடக்கே கொண்டுபோனார். தெற்கே கொண்டுபோனார். அந்த விரல் ஆந்திராவுக்கும் இலங்கைக்கும் நாலு தடவை போய்வந்தது.

பிறகு போனை மடியில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஒருவரும் கேட்கவில்லையே, அப்புறம் எதற்குத் தண்ணீர்?

ஜெயசித்ராவால் தாங்க முடியவில்லை. பின்னாலேயே ஓடினாள். செருப்பு மணலில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு ஓடினாள்.

அரசு தண்ணீர்க் குடத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்போல அடுப்பங்கரை வாசலில் நின்றார். உள்ளே அவர் மனைவி திரௌபதி காதில் ஒரு போனும் கையில் ஒரு போனுமாக, வியாபாரிகள் ஒவ்வொருவரையாக அழைத்து விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி ஆளையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"சங்கரா மீன இன்னிக்கு நாய்கூட மோந்து பாக்காது. தவளக்குப்பத்துல வஞ்சிரம் கேக்கறாங்க. தெக்கால போ, ஆழத்துல போடு வலைய." பிறகு வாசலை எட்டிப் பார்த்தாள். "இது யாருய்யா, செருப்பில்லாம நிக்குது?"

அரசு திரும்பினார். முகம் அசடு வழிந்தது.

"முன்னல்லாம் நாங்க பாட்டுக்குக் கெளம்பிடுவோம்மா. அலையத் தாண்டறதுக்குள்ள இது போன் போட்டு, எங்க போவணும்னு சொல்லிடும். உங்க ஆப்பு கரையிலயே கேக்குதே, எனக்கு இன்னா தெரியும்?" குரலைத் தாழ்த்தினார். "சங்கத்துல தண்ணி குடிக்க வந்தேன்னே எழுதிக்க."

திரும்பி வரும் வழியில் ஜெயசித்ரா ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்தாள். ஏழு வீட்டு அடுப்பங்கரையிலும் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலும் சொம்பு இல்லை.

சம்மந்தத்தின் முன்னால் வந்து முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

"சகுனந்தான் ஐயா காரணம். இனிமே கெளம்பறவங்கள ஒண்ணும் கேக்கல. படகு போயி அரை மணி கழிச்சு வூட்டுக்குத்தான் போன் வரும். அங்க இருக்கறவங்க சொன்னா போதும்."

சம்மந்தம் கடலைப் பார்த்தார்.

"சகுனத்துக்கு அதாம்மா சரி," என்றார்.

படகுக்கு ஒரு வீட்டுப் போன் எண் வேண்டும் என்றாள். தலைவரின் படகிலிருந்தே ஆரம்பித்தாள். அவர் போனைத் தொடாமல், ஒரு மூச்சில், மனைவி விருத்தாம்பாளின் பத்து இலக்க எண்ணையும் ஒப்பித்தார்.

எழுதி முடித்ததும் அவரே சொன்னார்: "அஞ்சு மணிக்கு மேல லைன் கெடைக்காது. விடாம அடிச்சிக்கினே இருக்கணும்."