வளையம் திருப்ப வேண்டாத லென்ஸ்

"ஆட்டோஃபோகஸ்ல சின்னதா, கனமே இல்லாம ஒண்ணு காட்டும்மா" என்று இகராஷி கேட்டதும், கல்லாவில் நின்ற ஹோஷினாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

நகானோவில் இருக்கும் அந்தப் பழைய கேமராக் கடைக்கு அவர் பல வருட வாடிக்கை. வாங்குவதெல்லாம் அந்தக் காலத்து லென்ஸ்கள்தான். அடாப்டர் போட்டு இந்தக் காலத்துத் தன் மிரர்லெஸ் கேமராவில் மாட்டி, வளையத்தைத் திருப்பித் திருப்பித் தன் கண்ணாலேயே ஃபோகஸ் பிடிப்பார். தானே ஃபோகஸ் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்க வருகிறவர்களைக் கண்டால், "சோத்தை மென்னு தர ஒரு மெஷின் வந்தா அதையும் வாங்குவீங்களா?" என்று வம்புக்கு இழுப்பார்.

இன்று மனைவியையும் கூட்டி வந்திருந்தார். மாடிப்படி ஏறிய களைப்பில் கியோகோ முக்காலியில் உட்கார்ந்திருந்தார். காதை மூடிய கம்பளித் தொப்பி, முகத்தில் மாஸ்க், அதற்கு மேலே சிவந்து வீங்கிய இரண்டு கண்கள்.

"வீட்ல ஒரு படம் எடுக்கணும்" என்றார் இகராஷி, குரலைத் தாழ்த்தி. "ஊதுபத்திக்குப் பின்னால வைக்கிற படம். டாக்டர் மருந்தையெல்லாம் நிறுத்திட்டார். இனிமே பிடிச்சதைச் சாப்பிடலாம்னுட்டார்."

ஹோஷினா முக்காலிப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

போன வருடம் தன் அண்ணன் சாவில் நடந்ததையும் இகராஷியே சொன்னார். அவசரத்துக்கு ஒரு நல்ல படம் அகப்படாமல், கம்பெனிச் சுற்றுலாவில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டிப் பெரிதாக்கி வைத்தார்களாம். முகம் ஒரே மங்கல். தோளில் வேறு யாருடைய கையோ இருந்தது. வந்தவர்கள் எல்லாம் போனவரை விட்டுவிட்டு, அந்தக் கை யாருடையது என்றே பேசிக்கொண்டிருந்தார்களாம்.

"அப்படி ஆகக் கூடாது. முகம் தெளிவா இருக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

அரிசி உருண்டை அளவே இருந்த ஒரு லென்ஸை ஹோஷினா எடுத்து வைத்தாள். இகராஷி அதைத் தன் கேமராவில் மாட்டி, நேரே மனைவியின் கையில் கொடுத்தார். கனக்கிறதா என்று கேட்டார், பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொன்னார். கியோகோ கேமராவை ஹோஷினா பக்கம் திருப்பியதும், திரையில் ஒரு பச்சைக் கட்டம் ஓடிப்போய் அவள் கண்ணைக் கவ்விக்கொண்டது. நோயாளிக்கு விளையாட்டுக் காட்டுகிறாரே என்று ஹோஷினா நினைத்துக்கொண்டாள்.

அவள் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டைத் திறந்தாள். இகராஷி வெகுநாளாகக் கண் வைத்திருந்த பழைய ஜெர்மன் லென்ஸ் அங்கே இருந்தது.

"முகத்துக்கு இதுதான் சார். அந்தச் சின்னது ஒரு சுருக்கத்தைக்கூட விடாது. இது எடுத்தா முகம் மெத்துனு, உயிரோட வரும்."

இகராஷியின் விரல்கள் தாமாகவே வளையத்துக்குப் போயின. மெல்லத் திருப்பினார். கடைசித் துளை வரை இழுத்துக் கட்டியும் அவருடைய கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் சரிந்தது.

"அதையே வாங்குங்களேன்" என்றார் கியோகோ. "தூக்கத்துல கூட அதோட பேரைத்தானே சொல்றீங்க. என் பேரை என்னைக்காவது சொன்னதுண்டா?"

"உன் பேரைச் சொன்னா நீ முழிச்சுக்கிட்டு ஏதாவது வேலை வைப்பே."

கியோகோ சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார்.

இகராஷி ஜெர்மன் லென்ஸை மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சின்னதையே கட்டும்மா."

ஹோஷினாவால் பொறுக்க முடியவில்லை. வளையத்தைத் திருப்ப நேரமானால் ஆகட்டும், அம்மாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தாவது எடுக்கலாம், இத்தனை வருடம் பழகிய உங்கள் கண்ணுக்கு அந்த முகம் தப்புமா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

அவர் உள்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் நிற்கவே இல்லை.

"என் கண்ணு எதுக்கும்மா? என்னை எடுக்கப்போறது அவ. அழுதுக்கிட்டே எடுத்தாலும் தெளிவா விழணும்."